காசிலும் பாடபேதம் உண்டு

ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர் பாடபேதம் என்னும் சொல்லை நன்கறிவர். ஒரே நூலின் இரு படிகளை அருகருகே வைத்து நோக்கின், ஓரிடத்தில் ஒரு சொல் மாறியிருக்கும். மற்றோரிடத்தில் எழுதியவன் கை தவறி ஓர் எழுத்தை இருமுறை எழுதியிருப்பான். பிறிதோரிடத்தில் செல்லரித்த துளையே புள்ளிபோல நின்று படிப்பவனை மயக்கும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது இம்மூன்றையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. மூன்றும் பார்வைக்கு வேறுபாடுகளே. ஆயின் மூன்றின் பிறப்பும் வேறு, மதிப்பும் வேறு.

நம் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறைக் காசும் இவ்வகையில் ஒரு சிறு சுவடியே. அதிலும் பாடபேதம் உண்டு, எழுதியோன் பிழை உண்டு, செல்லரித்தலும் உண்டு. இவற்றைப் பிரித்தறியும் முறையைப் பேராக் மாநிலத்துத் தோட்டப்புற இல்லங்களில் கிடைக்கும் காசுகளைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். பழைய காசுக்குப் பெரும்பணம் கிடைக்கும் என்ற பேச்சு இந்நாளில் எங்கும் பரவியிருக்கிறது. பாட்டி வைத்துச் சென்ற தகர டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்காத வீடு இல்லை. பலர் மதிப்பற்றதை மதிப்புள்ளதென்று நம்பி ஏமாறுகின்றனர். அதனினும் பலர் மதிப்புள்ளதைத் தேய்த்துக் கழுவிப் பாழாக்குகின்றனர். எனவே இவ்வாராய்ச்சி பொழுதுபோக்கு மட்டுமன்று.

வெள்ளி என்னும் பெயர்

பேராக் என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளி என்பது பொருள். மலேசியத் தமிழர் டாலரையும் ரிங்கிட்டையும் இன்றுவரை வெள்ளி என்றே வழங்குகின்றனர். ஒரு காலத்தில் பணம் என்றாலே வெள்ளி நாணயமாக இருந்ததன் எச்சம் இது. ரிங்கிட் என்ற சொல்லும் ஆராயத்தக்கது. பல்பல்லாக வெட்டப்பட்ட விளிம்புடையது என்பது அதன் பழம்பொருள். இந்நாட்டுத் துறைமுகங்களில் முன்னாளில் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக் காசுகளின் பல்வெட்டு விளிம்பே அப்பெயருக்குக் காரணமாயிற்று. காசின் முகத்தை மட்டும் பார்ப்பவன் பாதிதான் பார்க்கிறான் என்பதை இப்பெயரே உணர்த்துகிறது. விளிம்பின் அருமை பின்னர் விளங்கும்.

1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. அதன் பின் எழுந்த தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1920-களின் இறுதியில் இந்தியத் தொழிலாளருக்கு முக்கிய வட்டாரங்களில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1930-இல், அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. ஒரு பெண் விடியற்காலையில் நிரைக்குச் சென்று பால் வெட்டிய உழைப்பின் விலையைக் காசாக எண்ணின், ஓர் இருபது காசு, ஒரு பத்துக் காசு, இரண்டு சதுரக் காசு, அவ்வளவே. இக்கணக்கை மனத்திற்கொண்டு அக்காசுகளை நோக்கினால் அவை வெறும் உலோகத் துண்டுகளாகத் தோன்றமாட்டா.

காசு பிறக்கும் வகை

பிழையை அறிய வேண்டுமானால் முறையை முதலில் அறிதல் வேண்டும். அக்கசாலையில் உலோகத் தகட்டிலிருந்து வட்டத் துண்டுகள் வெட்டப்படுகின்றன. அத்துண்டின் ஓரம் அழுத்தப்பட்டுச் சிறிது உயர்த்தப்படுகிறது. பின்னர் அது கீழ் அச்சின்மேல் அமர்கிறது. சுற்றிலும் ஒரு வளையம் அதைப் பிடித்துக்கொள்கிறது. மேல் அச்சு வந்து அடிக்கிறது. அந்த ஒரே அடியில் இரு முகங்களும் உருவாகின்றன. பல்வெட்டுள்ள வளையமாயின் விளிம்பும் அப்பொழுதே உருவாகிறது.

ஆகவே காசில் காணும் எந்த வேறுபாடும் துண்டிலோ, அச்சிலோ, அடியிலோ பிறந்திருத்தல் வேண்டும். இம்மூன்றிலும் பிறவாதது அக்கசாலைக்கு வெளியே பிறந்தது. இதுவே தலையாய விதி.

இதனோடு இன்னொரு விதியையும் நினைவிற்கொள்ள வேண்டும். அச்சில் பள்ளமாயிருப்பது காசில் மேடாகும். அச்சில் மேடாயிருப்பது காசில் பள்ளமாகும். அச்சு வெடித்தால் அவ்வெடிப்பில் உலோகம் புகுந்து காசில் மெல்லிய மேட்டுக்கோடாய் எழும். காசில் கோடு பள்ளமாகக் கீறியிருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்துக் கீறலே. விரல்நகத்தால் தடவியே இதனை உணரலாம். வெறும் கண்ணை நம்பாது, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றும், கிராமில் நூறில் ஒரு பங்கையும் காட்டும் சிறு தராசும், ஒரு காந்தமும் வைத்துக்கொள்வது நலம். இம்மூன்றும் அதிக விலையுடையன அல்ல.

பாடபேதம் எனத்தக்கவை

அக்கசாலையார் அறிந்து செய்த மாற்றங்களை, அல்லது அவர்தம் வெவ்வேறு அச்சுகளால் நேர்ந்த மாற்றங்களைப் பாடபேதம் எனலாம். இந்நாட்டுக் காசுகளில் இவை மிகுதி.

1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று தனி வெள்ளி டாலர் வந்தது. அதுகாறும் புழங்கிய மெக்சிகோ டாலர் முதலியன திரட்டப்பட்டுப் பம்பாய் அக்கசாலையில் உருக்கிப் புதிய காசாக அடிக்கப்பட்டன. அதற்கு அடையாளமாக ஆங்கில ‘பி’ எழுத்து அவற்றில் பொறிக்கப்பட்டது. 1903-ஆம் ஆண்டு டாலர்கள் சிலவற்றில் இவ்வெழுத்துப் பள்ளமாகவும், சிலவற்றில் மேடாகவும் நிற்கிறது. மேலே கூறிய விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு வகையில் ஆக்கிய அச்சுகளிலிருந்து பிறந்தவை என்பது தெளிவாகும். அதன்பின் வெள்ளியின் விலை ஏறியது. காசிலுள்ள வெள்ளியின் மதிப்பு அதன் முகமதிப்பையே விஞ்சும் நிலை வந்தமையால், 1907-இல் டாலரின் எடை ஏறத்தாழ 27 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளியின் தரமும் பாதியாகக் குறைந்தது. 1920-ஆம் ஆண்டு 50 காசில் அரசர் உருவின் கீழே சிறு சிலுவைக் குறி உள்ளது ஒரு வகை. புள்ளி உள்ளது மற்றொரு வகை. ஒரு நாட்கூலியாய் எண்ணப்பட்ட காசில் இப்படியொரு வேறுபாடு இருந்ததை அதைப் பெற்றோர் நோக்கியிருக்க வாய்ப்பில்லை.

மூலைகள் மழுங்கிய சதுரக் காசு பலர் இல்லங்களில் உண்டு. 1919 முதல் 1926 வரை நீரிணைக் குடியேற்றங்களின் பெயராலும், 1939 முதல் 1945 வரை மலாயா நாணய ஆணையர் பெயராலும் வந்தவை இவை. 1943-ஆம் ஆண்டு பொறித்த சதுரக் காசு முன்னவற்றினும் சிறியது. இங்கே ஒரு வினா எழுகிறது. 1943-இல் மலாயா சப்பானியர் கையில் இருந்தது. வாழைமரம் பொறித்த தாளே அந்நாளில் பணமாயிருந்தது. அவ்வாறாயின் ஆங்கில அரசரின் தலையோடு 1943-ஆம் ஆண்டுக் காசு எப்படி இங்கே வந்தது? அஃது அயல்நாட்டில் அடிக்கப்பட்டுக் காத்திருந்து, 1945-இல் சப்பானியர் சரணடைந்த பின்னரே இங்குப் புழக்கத்துக்கு வந்தது. எனவே காசின் மீதுள்ள ஆண்டு அடிக்கப்பட்ட ஆண்டேயன்றிப் புழங்கிய ஆண்டு ஆகாது. ஏட்டின் ஈற்றில் காணும் ஆண்டு படியெடுத்த காலத்தைக் காட்டுமேயன்றிப் படித்த காலத்தைக் காட்டாது என்பதை ஒத்தது இது.

அக்காசுகளில் ஆறாம் ஜார்ஜ், ‘அரசரும் இந்தியாவின் பேரரசரும்’ எனக் குறிக்கப்பெற்றார். 1948-இல் செப்பு நிக்கல் கலவையில் வெளிவந்த 5, 10, 20 காசுகளில் அப்பட்டம் இல்லை. ‘அரசர் ஆறாம் ஜார்ஜ்’ என்பதோடு வாசகம் முடிகிறது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்ற செய்தி, ஈப்போ கடைத்தெருவில் மிளகாய் வாங்கக் கொடுத்த பத்துக் காசிலும் எழுதப்பட்டுவிட்டது. இவை எளிதில் கிடைக்கும் காசுகளே. வணிகர் அதிக விலை தாரார். ஆயினும் வகுப்பறையில் ஒரு வரலாற்றுப் பாடத்தை நடத்த இவ்விரண்டு காசுகளே போதும்.

மலாயாவும் பிரிட்டிஷ் போர்னியோவும் சேர்ந்து வெளியிட்ட எலிசபெத் அரசி காலத்துக் காசுகளில் அக்கசாலைக் குறிகளே பெரும் வேறுபாடு. ‘எச்’ என்ற சிற்றெழுத்து பர்மிங்காமின் ஈட்டன் அக்கசாலையையும், ‘கே.என்.’ என்பது அந்நகரின் கிங்ஸ் நார்ட்டன் நிறுவனத்தையும் குறிக்கும். மலாயா விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டின் 5 காசில் குறியில்லாதது, எச் குறியுள்ளது, கே.என். குறியுள்ளது என மூவகை உண்டு. விடுதலைக்குப் பின்னும் பத்தாண்டுகள் அரசியின் தலை நம் சில்லறையில் நின்றது. 1962-ஆம் ஆண்டின் வட்டவடிவ ஒரு காசில் மட்டும் அரசிக்குப் பதிலாகக் குறுக்காக வைத்த இரு கிரிசுகள் இடம்பெற்றன.

மலேசிய நடுவண் வங்கியாகிய பேங்க் நெகாரா தன் முதற் காசுகளை 12-6-1967 அன்று வெளியிட்டது. நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் விண்மீனும் உடைய இவ்வரிசை இன்றும் பல டப்பாக்களில் கிடக்கிறது. இவற்றில் மூன்று செய்திகளை நோக்குக. முதலாவது, ஒரு சென் தொடக்கத்தில் வெண்கலமாக இருந்து, 1970-களில் செம்பு போர்த்த எஃகாக மாறியது. நிறத்தால் வேறுபாடு தோன்றாது, காந்தம் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, 1971-ஆம் ஆண்டு 10 சென் மிக அரியது. சில பத்தாயிரங்களே அடிக்கப்பட்டனவாகப் பட்டியல்கள் குறிக்கும். மூன்றாவது, 50 சென்னின் விளிம்பு. தொடக்கத்தில் பல்வெட்டின் நடுவே ஒரு காப்புக்கோடு ஓடியது. 1971 முதல் விளிம்பில் வங்கியின் பெயரே எழுதப்பட்டது.

1989-இல் செம்பருத்தியும், பம்பரம், பல்லாங்குழிப் பலகை, வெற்றிலைச் செப்பு, காற்றாடி முதலிய மரபுப் பொருள்களும் உடைய இரண்டாம் வரிசை வந்தது. அவ்வரிசையின் ஒரு ரிங்கிட் காசு முதலில் டாலர் குறியைப் பெற்றிருந்தது; பின்னர் அக்குறி மாற்றப்பட்டது. போலிகள் மிகுந்தமையால் 7-12-2005 அன்று அக்காசு செல்லாததாக்கப்பட்டது. ஒரு சென்னும் 2008 முதல் கணக்கிலிருந்து நீங்கியது. 2012-இல் வந்த மூன்றாம் வரிசையே இந்நாளில் நாம் கையாளும் சிறு காசுகள்.

சிங்கப்பூரில் உழைத்துத் திரும்புவோர் பேராக்கிற்குக் கொண்டுவரும் காசுகளிலும் ஒரு பாடபேதம் உண்டு. 1985 முதல் அந்நாட்டுக் காசுகளில் நாட்டின் பெயர் தமிழிலும் பொறிக்கப்படுகிறது. அரச சின்னத்தின் அடியிலுள்ள வாசகப் பட்டையின் வளைவு 1992-இல் மாறியது. நம் மொழி பொறித்த காசையேனும் நாம் உற்று நோக்கலாகாதா?

பிழை எனத்தக்கவை

இனி உண்மைப் பிழைகளைக் காண்போம். இவை அக்கசாலையார் வேண்டிச் செய்தவை அல்ல. சோதனைக்குத் தப்பி வெளிவந்தவை.

விளிம்புப் பிழை இந்நாட்டில் பேர்பெற்றது. மலாயா-பிரிட்டிஷ் போர்னியோவின் 50 காசிலும், 1967-ஐ ஒட்டிய மலேசிய 50 சென்னிலும் காப்புக்கோடு இன்றி வெளிவந்தவை உண்டு. முகத்தையே பார்ப்போர்க்கு இவை எல்லாக் காசுகளையும் போன்றவை. ரிங்கிட் என்ற சொல்லின் பொருளை அறிந்து விளிம்பைத் திருப்பிப் பார்ப்போர்க்கே இவை அகப்படும்.

துண்டு வெட்டும்போது தகடு சரியாக நகராவிடின், முன் வெட்டிய துளையின்மேல் வெட்டு விழும்; காசில் பிறைபோல ஒரு பகுதி குறையும். இதை அரத்தால் போலியாகச் செய்வது எளிது. உண்மையை அறிய ஒரு வழி உண்டு. பிறைக்கு நேரெதிரான ஓரத்தைப் பாருங்கள். இயல்பான பிழையாயின், ஓரம் உயர்த்தும்போது குறையுள்ள பக்கத்தில் அழுத்தம் கிடைக்காமையால், எதிர்ப்பக்க ஓரமும் மழுங்கியிருக்கும். அரத்தால் தேய்த்தவனுக்கு இந்த இரண்டாவது குறையை உண்டாக்கத் தெரியாது.

அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த துண்டின்மேல் தானே அச்சாக வேலைசெய்வதுண்டு. அவ்வாறு பிறந்த காசின் ஒரு பக்கத்தில் முகம் நேராகவும் மேடாகவும், மறுபக்கத்தில் அதே முகம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் நிற்கும். இரு பக்கமும் ஒரே முகம் மேடாக இருப்பின் ஐயுறுக. இரு காசுகளைக் கடைந்து இணைத்த வித்தைக்காரர் காசே பெரும்பாலும் அது. ஓரத்தின் உட்புறத்தில் மெல்லிய இணைப்புக்கோடு தென்படும்.

அச்சு தளர்ந்து சுழன்றால் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும். மலேசியக் காசை மேலும் கீழும் விரல்களால் பிடித்து, பலகணிக் கதவைத் திருப்புவதுபோலப் பக்கவாட்டில் திருப்புக. மறுபக்கமும் தலைநிமிர்ந்தே நிற்க வேண்டும். பெரிதும் சாய்ந்திருப்பின் எடுத்து வையுங்கள். சிறு சாய்வு பொருட்டன்று.

வேறொரு காசுக்குரிய துண்டில் அடிபட்ட காசைத் தராசு காட்டும். முதலிரு வரிசைகளில் 5 சென் 1.41 கிராம், 10 சென் 2.82 கிராம், 20 சென் 5.65 கிராம். மதிப்பு இரட்டிக்க எடையும் இரட்டித்தல் காண்க. 50 சென் மட்டும் இக்கணக்கில் சேராது 9.33 கிராமில் நிற்கும். புழங்கித் தேய்ந்த காசில் சிறிது குறையலாம். பெரிதும் வேறுபட்டால் காரணம் தேட வேண்டும்.

எழுத்து இரட்டித்தல் பலரை மயக்குவது. அச்சு ஆக்கும்போதே உருவம் இருமுறை பதிந்திருப்பின், காசில் இரு உருவங்களும் உருண்டு திரண்டு தனித்தனியே தோன்றும். எழுத்தின் முனை பிளந்து நிற்கும். அவ்வச்சில் பிறந்த எல்லாக் காசிலும் அது காணப்படும். அடிக்கும்போது அச்சு சற்றே நழுவினால், எழுத்தின் ஒருபுறம் படிக்கட்டுபோலத் தட்டையாக நசுங்கும். முன்னது அரிது; பின்னது மிகச் சாதாரணம். விலை சொல்லி ஏமாற்றுவோர் காட்டுவன பெரும்பாலும் பின்னவையே.

செல்லரித்தவை

மூன்றாவது வகை, அக்கசாலையை விட்டு வெளிவந்தபின் நேர்ந்தது. வாகனச் சக்கரம் ஏறி நசுங்கியது, தீயில் கருகியது, மண்ணில் கிடந்து அரித்தது, சுத்தியால் தட்டி அகன்றது யாவும் இதில் அடங்கும். செம்பு போர்த்த ஒரு சென்னில் கொப்புளங்கள் எழுவதும் அரிய பிழையன்று. துருவும் பூச்சுக் குறையும் செய்த வேலை. இவற்றைப் பிழைக்காசு என்று விற்பவன் அறியாதவன், அல்லது வஞ்சகன்.

தமிழர் இல்லங்களில் மற்றொரு கேடு உண்டு. குத்துவிளக்கைத் துலக்கும் புளியாலும் சாம்பலாலும் காசையும் துலக்கிவிடுகின்றனர். புளி உலோகத்தின் மேற்பரப்பையே தின்றுவிடும். சாம்பல் நுண்கோடுகளைக் கீறும். நூறாண்டுகளில் படிந்த கருநிறமே காசுக்குக் காப்பு. அதுவே அதன் உண்மைக்கும் சான்று. பளபளக்கும் பழங்காசை அறிந்தவர் விரும்புவதில்லை. சுவடியைச் சோப்பிட்டுக் கழுவுவார் உளரோ? கொடுத்தவர் மேல் குறை சொல்லும் முன், நம் வீட்டுப் பெண்டிர்க்கு இதை எடுத்துரைத்தல் நம் கடன்.

வணிகன் ஒதுக்கியது

இதுவரை கூறிய வகுப்பின்படி பாடபேதம் மதிப்புடையது, பிழை மிக மதிப்புடையது, செல்லரித்தது மதிப்பற்றது என்றாகிறது. வணிகனுக்கு இது முற்றிலும் சரி. வரலாற்று மாணவனுக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும்.

துளையிட்ட வெள்ளிக் காசை எடுத்துக்கொள்வோம். வணிகன் அதை வெள்ளியின் எடைக்கே கேட்பான். அத்துளை ஏன் இடப்பட்டது? குழந்தையின் அரைஞாணில் கோத்துக் கட்ட, அல்லது மாலையாகக் கோக்க. கூலியாக வந்த காசு செலவாகாது அணியானது என்பதற்கு அத்துளையே சான்று. குங்குமம் ஊறிய காசு பூசையறையில் இருந்ததைச் சொல்லும். மஞ்சள் துணியில் முடிந்து காணிக்கைக்கென்று வைத்து, எக்காரணத்தாலோ செலுத்தப்படாது போன காசும் உண்டு. இவை அக்கசாலை எழுதியவை அல்ல. நம் மக்கள் எழுதியவை. சுவடியின் ஓரத்தில் அதை வைத்திருந்தவர் தம் பெயரையும் ஊரையும் எழுதி வைத்தால், நூலாசிரியனுக்கு அது புறம்பானது. வரலாற்றாசிரியனுக்கோ பெரும் புதையல். துளைக்காசும் அத்தகையதே.

தோட்டத் தொழிலாளர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தது மிகக் குறைவு. தோட்ட அலுவலகத்துக் கணக்கேடுகளில் அவர்கள் எண்களாக நிற்கின்றனர். அவர்கள் என்ன சேமித்தனர், எதற்காகச் சேமித்தனர் என்பதை அவ்வேடுகள் சொல்லா. 1950-களிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரிடம் தவணைத் தவணையாகப் பங்குத்தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கிய சங்கம் அது. சில்லறை சேர்க்கும் பழக்கம் இல்லாத மக்களிடம் இது நடந்திருக்குமா? அப்பழக்கத்தின் கண்கூடான சான்று அந்தத் தகர டப்பாக்களே.

ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பல இடங்களில் வீட்டுமனைகள் எழுந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். டப்பாக்களும் உடன் வந்தன. அவற்றைத் திறந்தவுடன் நல்ல காசு, கெட்ட காசு என்று பிரித்து விற்றுவிட்டால், எந்தத் தோட்டத்தில், எவர் கையில், எந்தெந்தக் காசோடு எது சேர்ந்திருந்தது என்ற செய்தி அன்றே அழிந்துபோகும். புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இன்று நமக்கு இல்லை. எண் மட்டும் நிற்கிறது; பாட்டு இல்லை. போனதைத் தேடி வருந்தும் நாம், இருப்பதைப் போகவிடலாகாது.

ஆசிரியர் செய்யத்தக்கது

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், வீட்டிலுள்ள பழங்காசுகளைக் கழுவாமல் பார்த்து எழுதிவரச் சொல்லலாம். காசின் பெயர், ஆண்டு, எடை, காந்தம் ஈர்க்கிறதா, விளிம்பு எத்தகையது, அக்கசாலைக் குறி உண்டா, துளையோ தேய்வோ உண்டா என்பன ஒரு பகுதி. எத்தோட்டத்திலிருந்து வந்தது, யார் வைத்திருந்தார், எதற்காக வைத்திருந்தார் என்பன மறுபகுதி. முதற் பகுதியை ஒரு வணிகரும் எழுதக்கூடும். இரண்டாம் பகுதியை இன்று எழுபது எண்பது வயதைக் கடந்த பாட்டன் பாட்டிமாரைக் கேட்டே எழுத முடியும். காசு இன்னும் நூறாண்டு இருக்கும். சொல்வார் அவ்வளவு காலம் இரார்.

விற்க வேண்டிய தேவை நேர்ந்தால் விற்கலாம், அதில் குற்றமில்லை. விற்குமுன் இரு முகத்தையும் படம் எடுத்துக் குறிப்பெழுதி வைத்துக்கொள்க. ஒருவர் சொல்லும் விலையை நம்பாது இருவர் மூவரைக் கேட்க. ‘இது பிழைக்காசு’ என்று எவரேனும் சொன்னால், துண்டிலா, அச்சிலா, அடியிலா, எதில் பிறந்த பிழை என்று திருப்பிக் கேட்க. விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்கவும் வேண்டா, விற்கவும் வேண்டா.